எப்சிபா: மகளுக்கு ஓர் அரிய எபிரேயப் பெயர்

காரைக்கால் நகருக்குத் தெற்கே இருக்கும் நெரவியில் பெயர்களுக்குப் பஞ்சம் இல்லை. புனிதவதி, மரியம், ஸ்டெல்லா மூவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இங்கே அமைந்த பிறகு அசாம், ஆந்திரம், குஜராத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெயர்களும் பள்ளி வருகைப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டன. அப்படிப்பட்ட ஊரிலும், பிறந்த பெண் குழந்தைக்கு ‘எப்சிபா’ என்று பெயர் வைக்கப் போவதாக ஒரு வீட்டில் சொன்னால் அப்பாயி நிமிர்ந்து பார்ப்பார். “என்ன பேருடா இது, வாயிலயே நுழையலையே?”

அந்தக் கேள்விக்கு வீட்டார் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். பெயரின் பொருள், அது வந்த வழி, எழுதும் முறை, பதிவு செய்யும் இடம் எல்லாம் தெரிந்துகொண்டு வைத்தால் அரிய பெயர் குழந்தைக்குப் பலமாக அமையும். தெரியாமல் வைத்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் அவள் தன் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

பொருள்

எபிரேயத்தில் இது இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். ‘ஹெஃப்ட்ஸி’ என்றால் என் மகிழ்ச்சி, என் பிரியம். ‘பாஹ்’ என்றால் அவளிடத்தில். சேர்த்துச் சொன்னால் ‘என் பிரியம் அவள்மேல்’. பெண்பாலைக் குறிக்கும் சொல் பெயருக்குள்ளேயே இருப்பதால் இது பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும்.

பெயர் சூட்டுபவரின் குரல் பெயருக்குள்ளேயே கேட்பதுதான் இதன் சிறப்பு. ‘அழகி’, ‘செல்வி’ போன்ற பெயர்கள் குழந்தையின் குணத்தையோ பேற்றையோ சொல்கின்றன. எப்சிபா என்ற பெயரில் ஒருவர் அவளைப் பார்த்து, இவள் எனக்கு வேண்டியவள் என்று அறிவிக்கிறார். பெண் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தால் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயர் வைத்த வழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. அந்தப் பெயர்களோடு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன பெண்கள் நம் காலத்திலும் இருக்கிறார்கள். அவற்றுக்கு நேர் எதிரே நிற்கும் பெயர் இது. மகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

வேதாகமத்தில் இரண்டே இடங்கள்

இந்தப் பெயர் வேதாகமம் முழுவதிலும் இரண்டு முறைதான் வருகிறது.

முதலாவது இடம் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம், 21ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். யூதாவின் அரசன் எசேக்கியாவின் மனைவியான அவள் பெயர், மனாசேயின் தாய் என்ற அளவில் மட்டும் அங்கே சொல்லப்படுகிறது. மனாசே 12 வயதில் அரசனாகி 55 ஆண்டுகள் ஆண்டவன். அந்தப் புத்தகம் கடுமையாகக் கண்டிக்கும் அரசர்களில் ஒருவன். “அப்படிப்பட்டவனைப் பெற்றவள் பெயரையா வைப்பது?” என்று உறவில் யாராவது கேட்கக்கூடும். தாயைப் பற்றி வேதாகமம் ஒரு குறையும் சொல்லவில்லை என்பதுதான் பதில். அதே அரசனின் கதையை மறுபடி சொல்லும் நாளாகமம், தாயின் பெயரைக் குறிப்பிடுவதே இல்லை. யூத மரபு இன்னொரு செய்தியைச் சேர்க்கிறது: எசேக்கியாவின் மனைவி ஏசாயா தீர்க்கதரிசியின் மகள்.

இரண்டாவது இடம் அந்த ஏசாயாவின் பெயரால் அமைந்த புத்தகம், 62ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம். இங்கே எப்சிபா ஒரு நகரத்தின் பெயர். பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் எருசலேமை இடித்துப் போட்டார்கள். சிறைப்பட்டுப் போனவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் கழித்துத் திரும்பியபோது ஊர் பாழாய்க் கிடந்தது. அந்தக் காலத்தின் குரலாகவே இப்பகுதியை அறிஞர்கள் பெரும்பாலும் வாசிக்கிறார்கள். கைவிடப்பட்டவள் என்று பெயர் வாங்கிய நகரத்துக்கு இனி எப்சிபா என்று பெயர், பாழான அதன் நிலத்துக்கு இனி ‘பியூலா’, அதாவது மணமானவள் என்று பெயர் என்கிறார் தீர்க்கதரிசி. எபிரேய மூலத்தில் ‘கைவிடப்பட்டவள்’ என்பதற்கு வரும் சொல்லும் அந்நாளில் பெண்களுக்கு வைத்த பெயர்தான். யோசபாத் அரசனின் தாய்க்கு அந்தப் பெயர் இருந்தது. ஒரு பெண்ணின் பெயரைக் கழற்றிவிட்டு இன்னொரு பெண்ணின் பெயரை நகரத்துக்குச் சூட்டுகிற காட்சியை அன்று கேட்டவர்கள் உடனே உணர்ந்திருப்பார்கள்.

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மாங்கனித் திருவிழா நடக்கும் மண்ணில் புனிதவதியின் கதை தெரியாத பிள்ளை இல்லை. சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்வது இது: கணவன் பரமதத்தன் அவளை விட்டுக் கப்பலேறிப் போகிறான், பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். கைவிடப்பட்ட புனிதவதி பேய் வடிவம் வேண்டிப் பெற்றுக் கயிலைக்குப் போகிறாள். அங்கே சிவபெருமான் அவளை அம்மை என்று அழைக்க, அன்றுமுதல் அவர் காரைக்கால் அம்மையார். இரண்டு சமயங்கள், இரண்டு மொழிகள், ஒன்றையொன்று அறியாத இரண்டு நூல்கள். இரண்டிலும் கைவிடப்பட்டவளுக்குக் கடவுளே புதுப்பெயர் தருகிறார். இந்து உறவினருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ எப்சிபாவின் பொருளைச் சொல்ல இதைவிட நெருக்கமான வழி இந்த ஊரில் கிடையாது.

இங்கே அரிதானது ஏன்?

நாகர்கோவில் பக்கம் இந்தப் பெயர் அவ்வப்போது காதில் விழும். காரைக்கால் பக்கம் கேட்பது அபூர்வம். காரணம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை நூற்றாண்டுகளாக வாசித்த லத்தீன் வேதாகமம், ஏசாயாவில் வரும் எப்சிபாவைப் பெயராக விட்டுவைக்காமல் பொருளாக மொழிபெயர்த்துவிட்டது. பியூலாவும் அங்கே பெயராக இல்லை. ராஜாக்கள் புத்தகத்தில் மட்டும் ஓர் அரசனின் தாயாக எப்சிபா எஞ்சினாள். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்காலில் வளர்ந்த கிறிஸ்தவம் பெரும்பாலும் கத்தோலிக்கம். அங்கே பெயர்கள் புனிதர்களிடமிருந்து வந்தன: சூசை, சவரி, அந்தோணி, அன்னம்மாள். எப்சிபா என்று ஒரு புனிதை நாட்காட்டியில் இல்லை. பிரெஞ்சுச் சட்டமும் அதே திசையில் போனது. 1803ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழங்கால வரலாற்று மாந்தர் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு அனுமதித்தது.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் இதற்கு மாறாக எப்சிபாவையும் பியூலாவையும் பெயர்களாகவே வைத்துக்கொண்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சீர்திருத்தச் சபையார் இரண்டையும் எடுத்து மகள்களுக்குச் சூட்டினார்கள். லண்டன் மிஷன் போன்ற ஆங்கில மிஷன்கள் நாகர்கோவில் உள்ளிட்ட தென் திருவிதாங்கூரில் வேலை செய்தபோது இந்தப் பெயர்களும் கூட வந்தன. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் எப்சிபா, பியூலா இரண்டும் பெயர்களாகவே நிற்கின்றன.

இந்த வரலாற்றில் நெரவியின் அண்டை ஊருக்கும் பங்கு உண்டு. காரைக்காலுக்கு வடக்கே, 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் தரங்கம்பாடி இருக்கிறது. மிஷனரி சீகன்பால்க் அங்கே 1706இல் கரையேறி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் இறந்தார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. ராஜாக்களும் ஏசாயாவும் ரூத்துக்குப் பின்னால் வரும் புத்தகங்கள் என்பதால் எப்சிபா சூல்ட்சேயின் பங்கில்தான் வருகிறாள். அந்த வேலை 1728இல் நிறைவடைந்தது. எபிரேயப் பெயர்களைத் தமிழர் சூடிக்கொள்ளும் வழக்கமும் அங்கே அப்போதே இருந்தது. கடலூர்க்காரரான ஆறுமுகம் 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733இல் அவர் சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார்.

தமிழில் இந்தப் பெயரை அறியச் செய்தவர்

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயரைப் பழக்கியவர் நாவலாசிரியர் ஹெப்சிபா ஜேசுதாசன். 1925இல் பிறந்தார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். 1964இல் வெளிவந்த அவருடைய ‘புத்தம் வீடு’ குமரி மாவட்டப் பனையேறிகளின் உலகத்தை, லிஸி என்ற பெண்ணின் வாழ்க்கை வழியே சொல்லும் நாவல். வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டாலும் மனத்தில் உறுதி குலையாத பெண் லிஸி. பின்னர் ‘டாக்டர் செல்லப்பா’, ‘அனாதை’, பர்மாத் தமிழரைப் பற்றிய ‘மா‑னீ’ ஆகியவை வந்தன. கணவர் பேராசிரியர் ஜேசுதாசனோடு சேர்ந்து தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். விளக்கு விருது பெற்ற அவர் 2012இல் மறைந்தார்.

பெயரைப் பற்றி உறவினர் தயங்கினால் ‘புத்தம் வீடு’ ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுக்கலாம். அட்டையில் அச்சான பெயர் பாதித் தயக்கத்தைத் தீர்த்துவிடும்.

வெளியுலகிலும் தெரிந்த எடுத்துக்காட்டுகள் உண்டு. வயலின் மேதை யெஹூதி மெனுஹினின் தங்கை ஹெப்சிபா மெனுஹின் (1920–1981) பெயர்பெற்ற பியானோ கலைஞர். இஸ்ரேலில் 1922இல் தொடங்கிய ஒரு கூட்டுப் பண்ணைக் குடியிருப்புக்கு இதே பெயர். வாய்க்கால் வெட்டியபோது, ஆறாம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடத்தின் வண்ணக் கல் தளம் அங்கேதான் வெளிப்பட்டது. ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ நாவலில் தனியாக வாழும் நெசவாளர் ஒருவர், தன்னைத் தேடி வந்த அநாதைக் குழந்தைக்குத் தன் தாயின் பெயரான இதையே சூட்டுகிறார். அண்டை வீட்டு அம்மாள் கடினமான பெயராக இருக்கிறதே என்று தயங்க, ‘எப்பி’ என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். நெரவி அப்பாயியின் கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது, விடையும் கிடைத்திருக்கிறது.

எப்படி எழுதுவது?

தமிழில் இரண்டு வடிவங்கள் நிலைத்திருக்கின்றன. வேதாகமத்தில் உள்ளது ‘எப்சிபா’. நாவலாசிரியரின் பெயரில் உள்ளது ‘ஹெப்சிபா’. இரண்டும் சரி. வேதாகமத்தில் பிள்ளை தன் பெயரைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலாவதை எடுக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒலி மாறாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவது ஏற்றது.

ஆங்கில எழுத்தில்தான் சிக்கல் வரும். கிங் ஜேம்ஸ் வடிவத்தில் ஒன்பது எழுத்துகள். நடுவில் ‘பிஎச்’சும் அதையடுத்து ‘இசட்’டும், கடைசியில் ‘எச்’சும் வரும். நடு ‘எச்’சை விட்ட எட்டெழுத்து வடிவம், ‘இசட்’டுக்குப் பதில் ‘எஸ்’ போட்டுக் கடைசி ‘எச்’சையும் விட்ட ஏழெழுத்து வடிவம், முதல் ‘எச்’சும் இல்லாத ஆறெழுத்து வடிவம் என்று பல வழங்குகின்றன. தமிழ் ஒலிக்கு நெருக்கமானது ஏழெழுத்து வடிவம்; யார் வாசித்தாலும் ஏறக்குறைய சரியாக வாசிப்பார்கள். ஒன்பதெழுத்து வடிவத்தை உலகெங்கும் வேதாகமப் பெயராக அடையாளம் காண்பார்கள், ஆனால் நம்மூர் எழுத்தர் கையில் அது பிழையாகும் வாய்ப்பு அதிகம். எண் கணிதம் பார்க்கும் வழக்கம் உள்ள வீட்டார் எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையைப் பதிவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வடிவத்தைத் தீர்மானித்ததும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவமனை, ஆலயம், பள்ளி எங்கே போனாலும் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்ட வேண்டும்.

வீட்டில் கூப்பிட

எப்சி, ஹெப்சி, எப்பி மூன்றும் நாவுக்கு எளியவை. பின்பாதியை மட்டும் எடுத்து ‘சிபா’ என்று கூப்பிட நினைப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். சாமுவேலின் புத்தகத்தில் தன் எஜமானன் மேவிபோசேத்தைப் பற்றித் தாவீதிடம் கோள் சொன்ன வேலைக்காரன் சீபா. முஸ்லிம் குடும்பங்களில் நிவாரணம் என்ற பொருளில் வைக்கும் ‘ஷிஃபா’வோடும் அது குழம்பும்.

பதிவு செய்யும் இடம்

நெரவியில் குடியிருந்தாலும் குழந்தையின் பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும். வீட்டில் பிறந்தால் நெரவி கொம்யூன் பஞ்சாயத்து. காரைக்கால் நகரத்து மருத்துவமனையில் பிறந்தால் காரைக்கால் நகராட்சி. பிரசவத்துக்கு நாகப்பட்டினமோ தஞ்சாவூரோ போயிருந்தால் சான்றிதழ் தமிழ்நாட்டிலிருந்து வரும். பிற்பாடு திருத்தம் தேவைப்பட்டாலும் அந்தந்த அலுவலகத்துக்கே போக வேண்டும் என்பதால், சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைப்பது அவசியம்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பெயரில்லாமலே பதிந்துவிட்டுப் பின்னர் சேர்க்க 14ஆவது பிரிவு இடம் தருகிறது. ஞானஸ்நானம் வரை காத்திருந்து பெயரை நிதானமாகத் தேர்ந்தெடுக்க விரும்பும் குடும்பங்களுக்கு இது உதவும். எழுத்துப் பிழை நேர்ந்தால் 15ஆவது பிரிவின்கீழ் திருத்தலாம். சான்றிதழை வாங்கியவுடன், அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் விழுந்த ஒரு தவறான எழுத்து ஆயுள் முழுக்கக் கூட வரும்.

ஆலயப் பதிவேட்டிலும் அதே எழுத்து இருக்கட்டும். கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் கூடாது என்பதே கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 855ஆவது பிரிவு கேட்பது. வேதாகமப் பெயருக்கு அங்கே தடையில்லை. பெயர் கொண்ட புனிதரின் திருநாளைக் கொண்டாட விரும்பும் குடும்பம் மரியாவையோ அன்னாளையோ இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம். ஞானத்தாயிடமும் ஞானத்தகப்பனிடமும் பெயரின் பொருளை முன்கூட்டியே சொல்லிவைத்தால் சடங்கின்போது அவர்கள் தடுமாறாமல் உச்சரிப்பார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு

காரைக்கால் 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. இவர்கள் முதலில் இந்தியப் பதிவை முடித்து, பிறகு புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாக அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிற்காலத்தில் பிரதிகள் நாந்த் நகரத்து மத்தியப் பதிவகத்திலிருந்து வரும். இந்தியச் சான்றிதழில் உள்ள எழுத்துதான் அங்கே போவதால் முதல் பதிவில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

1803ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டை 1993 ஜனவரி 8ஆம் தேதிச் சட்டம் நீக்கிவிட்டது. பெற்றோர் விரும்பும் பெயரை அதிகாரி பதிவார். குழந்தையின் நலனுக்குக் கேடு என்று கருதினால் விஷயத்தை அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிப்பார். 1910ஆம் ஆண்டின் செகோன் பிரெஞ்சு வேதாகமத்தில் ‘டி’ எழுத்தும் சேர்ந்து ‘எஃப்ட்ஸிபா’ என்ற ஒலியோடு இந்தப் பெயர் வருகிறது. பிரெஞ்சில் முதல் ‘எச்’ ஒலிக்காது. எனவே பாரீஸில் வளரும் பிள்ளையை அங்குள்ளவர்கள் கிட்டத்தட்ட ‘எப்சிபா’ என்றே கூப்பிடுவார்கள், நெரவியில் அவளுடைய அப்பாயி கூப்பிடுவது போலவே.

தமிழ்ப் பெயரோடு சேர்த்து

தனியாக வைக்கத் தயங்கினால் தமிழ்ப் பெயர் ஒன்றோடு இணைக்கலாம். டெல்டாவில் இது பழைய வழக்கம். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டவர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. தஞ்சையில் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசைப் பெருநூலைத் தந்தவர் ஆபிரகாம் பண்டிதர். எப்சிபா மகிழினி, எப்சிபா கயல்விழி என்று வைத்தால் பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் புழங்கலாம். வளர்ந்தபின் எதை முன்னிறுத்துவது என்பதை அவளே முடிவு செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு சொல்லையும் எல்லா ஆவணங்களிலும் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் எழுத வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது.

இரண்டாவதும் மகள் பிறந்தால் பெயர் தேடி அலைய வேண்டாம். அதே வசனத்தில் பியூலா காத்திருக்கிறாள். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே பியூலா நன்கு பழகிய பெயர்; எழுத்துச் சிக்கலும் குறைவு. அக்காளும் தங்கையும் ஒரே வசனத்திலிருந்து பெயர் பெற்றவர்கள் என்று இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ்களிலும் வசன எண்ணைப் பின்பக்கம் எழுதி வைக்கலாம்: ஏசாயா 62:4.